கரியா வாயுவா என்று உண்மையில் முடிவெடுத்தது யார்? உங்கள் அனுபவம்

பழைய பிளானிங் ஆள்:
மின் நிலைய முதலீட்டு முடிவுகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், புது நிலையத்துக்கு நிலக்கரியா எரிவாயுவா என்று கணக்குப் போடச் சொன்னார்கள். நிலக்கரி என்றால் கட்டும் செலவு அதிகம், எரிபொருள் மலிவு. எரிவாயு நேர் எதிர். அந்த நிலையம் வருடம் முழுவதும் ஓடப்போவதில்லை, தேவை உச்சத்தில் இருக்கும்போது மட்டும்தான். அதனால் எரிவாயுதான் மலிவாக வந்தது. மேலதிகாரி அறிக்கையைப் புரட்டிவிட்டு, "சரி, இதில் நமக்கு என்ன நிற்கும்?" என்றார். நான் விழித்தேன். மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் ஆணையம் நமக்கு லாபம் அனுமதிப்பது போட்ட மூலதனத்தின் மேல்தான்; எரிபொருள் செலவு அப்படியே நுகர்வோர் கட்டணத்தில் ஏறிவிடும், அதில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று அவரே விளக்கினார்.

நிலக்கரி நிலையம்தான் வந்தது. அனுமதிக்கும் வருவாய் விகிதம் மூலதனத்துக்கு ஆகும் செலவைவிடக் கூடுதலாக இருந்தால், நிறுவனம் தேவைக்கு மேல் மூலதனத்தைக் கொட்டும் என்று அவெர்ச், ஜான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் 1962லேயே எழுதிவிட்டார்கள். எனக்கு அது தெரியவந்தது பல வருடம் கழித்து. மேலதிகாரி அதைப் படித்திருக்க மாட்டார். அவருக்குத் தேவையும் இல்லை.

கொதிகலன் பக்கம்:
எங்களிடம் நடந்தது வேறு மாதிரி. கந்தக டை ஆக்சைடு வரம்பை இறுக்கினார்கள். கந்தக நீக்கி வைத்தால் பெரிய முதலீடு, அதை ஆணையம் ஏற்றுக்கொள்ளுமா என்ற பயம் வேறு. கந்தகம் குறைந்த கரி வாங்கினால் அது வெறும் எரிபொருள் செலவு. கரியை மாற்றினார்கள்.

கந்தகம் குறைந்தது உண்மைதான். ஆனால் புகைபோக்கியில் சாம்பல் தெரிய ஆரம்பித்தது! புகையிலுள்ள சாம்பலை மின்புலத்தால் இழுத்துப் பிடிக்கும் இஎஸ்பி கருவி சரியாக வேலை செய்ய, சாம்பல் துகள் கொஞ்சமாவது மின்சாரம் கடத்த வேண்டும். கரியிலுள்ள கந்தகத்தில் சிறு பங்கு ட்ரை ஆக்சைடாகிச் சாம்பலில் படிந்து அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது. அது போனதும் இஎஸ்பி திணறியது. கடைசியில் புகைப்பாதையில் கந்தக ட்ரை ஆக்சைடைக் கொஞ்சம் நாங்களே செலுத்தினோம். கந்தகம் ஆகாது என்று கரியை மாற்றிவிட்டு, கந்தகத்தைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினோம். ஷிப்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. புதுக் கரியில் வெப்ப மதிப்பும் குறைவு. கூடுதல் டன் அரைக்க வேண்டியிருந்ததால் மில்கள் ஈடுகொடுக்கவில்லை, முழு லோடு எட்டவே முடியாமல் போனது.

கடன் மேசை:
போட்டிச் சந்தையில் கதை தலைகீழ். நான் கடன் கொடுக்கும் பக்கம் இருந்தவன். எது மலிவு என்பதல்ல, தவணை ஒழுங்காக வருமா என்பதுதான் எங்கள் கேள்வி. சந்தை விலையை எரிவாயு நிலையம் நிர்ணயிக்கும் இடத்தில், வாயு விலை ஏறினால் மின்சார விலையும் கூடவே ஏறும். அந்த நிலையம் தப்பித்துக்கொள்ளும். அணு மின் நிலையத்தின் செலவு பெரிதாக மாறாது, வருமானம்தான் ஆடும். இப்படித்தான் விலை ஆடுகிற எரிபொருள் எங்கள் மேசையில் பத்திரமான எரிபொருளாகிவிடும். 1990இல் பிரிட்டன் மின்துறையைத் தனியார்மயமாக்கியபின் எரிவாயு நிலையங்கள் வரிசையாக எழுந்ததைக் கவனியுங்கள். கட்டும் காலம் குறைவு, முதலீடும் குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது.

பழைய பிளானிங் ஆள்:
சட்டமே குறுக்கே நின்ற கதையும் உண்டு. புது மின் நிலையங்களில் எரிவாயு எரிப்பதற்கு அமெரிக்கா 1978இல் தடை போட்டது, 1987இல் விலக்கிக்கொண்டது. சட்டத்துக்கு ஆயுள் ஒன்பது வருடம். அதை நம்பிக் கட்டிய நிலக்கரி நிலையத்துக்கோ நாற்பதுக்கும் மேல்.

கொதிகலன் பக்கத்துக்கு ஒரு கேள்வி: அந்தக் கந்தகம் வாங்கிய செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

கொதிகலன் பக்கம்:
எரிபொருள் கணக்கில்தான்.