சுவிஸ் பேர்ண் நகரக் குடும்பக் குழு: சனிக்கிழமை யார் ஊர் காட்டுவது?

மாமி: கனடா அண்ணா குடும்பம் சனிக்கிழமை பத்து மணி ரயிலில் வருகிறது. அரங்கேற்றம் ஞாயிறு. அதுவரை யார் ஊர் காட்டுவது? நான் அடுப்படியை விட்டு நகர முடியாது.

சித்தப்பா: என்னிடம் விடுங்கள் அக்கா. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் முன்பே மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நிற்க வேண்டும். மணி அடிக்கும் முன்பே சேவல் கூவி, கரடிப் பொம்மைகள் ஊர்வலம் போய்விடும். 1530இல் செய்த பொறி. இன்றும் கையால்தான் சாவி கொடுக்கிறார்கள்.

நிலா: நம் குடும்பம், பதினொன்றுக்கு? 😂

மாமி: மழை என்கிறார்கள்.

சித்தப்பா: மழைக்குப் பயமில்லை. பழைய நகரில் வளைவுக் கூரை நடைபாதை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஆரே ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் மேடு இது. 1191இல் சேரிங்கன் கோமகன் ஐந்தாம் பெர்ச்டோல்ட் இங்கே நகரம் அமைத்தார். மேற்கே மட்டும் மதில் போதும், என்ன மூளை! முதலில் பெரும்பாலும் மர வீடுகள். 1405இல் தீ பிடித்து 600 வீடுகள் வரை போயின. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அதன்பிறகுதான் மணற்கல். அண்ணாவை அந்தச் சாம்பல்பச்சைச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்வேன், விரலில் மணல் ஒட்டும்.

சூரிச் மாமா: மச்சான், அவர் வருவது சாப்பிட. பரீட்சை எழுத அல்ல.

சித்தப்பா: 1848இல் கூட்டாட்சி அரசு பேர்ணில் அமர்ந்ததிலிருந்து சூரிச்காரருக்கு இதே எரிச்சல்.

சூரிச் மாமா: எங்களுக்கு 1855இல் தொழில்நுட்பக் கல்லூரி கிடைத்தது. ஐன்ஸ்டைன் அங்கே படித்துவிட்டுத்தான் உங்கள் ஊர் காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

சித்தப்பா: சேர்ந்ததால்தான் 1905இல் சார்பியல் கோட்பாடு! அவர் இருந்த வீடு கிராம்காசே 49, இரண்டாம் மாடி. அதுவும் திட்டத்தில் உண்டு.

மாமி: அண்ணாவுக்கு முழங்கால் வலி. மாடி வேண்டாம்.

சித்தப்பா: பேராலயக் கோபுரத்தைக் கீழிருந்தே பார்க்கலாம். 100 மீட்டர். 1421இல் தொடங்கிய ஆலயம், கோபுரம் முடிந்தது 1893இல்.

கவின்: அப்படியானால் சித்தப்பா எடுத்த எங்கள் கல்யாண ஆல்பத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நிலா: 🙈🙈

மாமி: கவின். பிறகு.

சித்தப்பா: ஹார்ட் டிஸ்க் பழுது என்று சொல்லியிருக்கிறேன்.

கவின்: மூன்று வருடமாக.

நிலா: பிள்ளை தின்னும் பூதம் நிற்கும் அந்த நீரூற்றுப் பக்கம் போகாதீர்கள். போன முறை மகன் இரவெல்லாம் அழுதான்.

சித்தப்பா: 16ஆம் நூற்றாண்டுச் சிலை. வாயில் ஒரு பிள்ளை, பையில் மற்றவை. ஏன் வைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை.

சூரிச் மாமா: பிள்ளைகளை அடக்கத்தான். எங்கள் அம்மாவுக்கு அகப்பை போதுமாக இருந்தது.

மாமி: கரடி?

சித்தப்பா: பாலத்துக்கு அப்பால். 1798இல் பிரெஞ்சுப் படை கருவூலத்தோடு நகரம் வளர்த்த கரடிகளையும் அள்ளிக்கொண்டு போனது. இப்போது 2009 முதல் ஆற்றங்கரைச் சரிவில் பூங்கா. திரும்பும்போது 12ஆம் இலக்க பஸ், அண்ணா மேடு ஏற வேண்டியதில்லை.

மாமி: மதியச் சாப்பாடு?

சூரிச் மாமா: யூரோப்பாபிளாட்ஸில், கோயில் பக்கம்.

சித்தப்பா: நல்லது. அந்தக் கோயில் இருக்கும் சமயங்களின் இல்லம் 2014இல் திறந்தபோது...

நிலா: வேண்டாம் சித்தப்பா.

சூரிச் மாமா: பணம் யார்? போன முறை நான்தான் கொடுத்தேன்.

மாமி: கொடுத்ததை எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?

கனடாப் பெரியப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன். என் முழங்கால் நன்றாக இருக்கிறது. ஐன்ஸ்டைன் வீட்டுக்கு ஏறுவேன். ரயில் பத்துக்கு அல்ல, பத்தே முக்காலுக்கு.

மாமி: ஐயோ அண்ணா. சரி, நிலையத்துக்கு யார் போகிறீர்கள்?

சூரிச் மாமா: 👍

மாமி: 👍 என்றால் நீங்களா?