முதலாளி ஓய்வு பெறப் போகிறார், கடைக்காரர்களின் வரிக் கணக்கை நான் எடுத்து நடத்தலாமா?

புதுக்கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முதலாளி, நான், பாதி நாள் வந்து போகும் ஓர் அக்கா, அவ்வளவுதான். மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, பூக்கடை, தையற்கடை வைத்திருப்பவர்கள், சில டாக்சி ஓட்டுநர்கள், கொஞ்சம் சிறு நிறுவனங்கள், இவர்கள்தான் எங்களிடம் வருகிறார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது. "நீ எடுத்து நடத்துறதா இருந்தா சொல்லுப்பா, இல்லேன்னா எல்லாரையும் வேற இடம் பார்த்துக்கச் சொல்லிடுறேன்" என்கிறார்.

படிவங்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஆட்களிடம் பேசுவதெல்லாம் இதுவரை அவர் வேலை. மார்ச் மாதம் பிறந்தால் பிளாஸ்டிக் பை நிறைய ரசீதோடு வருவார்கள், பாதி ரசீதில் எழுத்தே மங்கிப் போயிருக்கும். அதோடு "கொஞ்சம் குறைச்சுப் போடு தம்பி, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க" என்பார்கள். சிலர் அரசாங்க இணையச் சேவைகளுக்குள் நுழையும் சிங்பாஸ் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொரு கவலையும் இருக்கிறது. உள்நாட்டு வருவாய் ஆணையமே (ஐராஸ்) இப்போது பாதி விவரத்தைத் தானாக நிரப்பிவிடுகிறது, சம்பளக்காரர்கள் பலருக்குப் படிவம் தாக்கல் செய்யும் வேலையே இல்லை. இந்தத் தொழில் இன்னும் எத்தனை காலம் ஓடும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். நான் நிரந்தரவாசி, வேலை அனுமதிச் சிக்கல் எதுவும் இல்லை.

சிராங்கூன் கணக்கர்:

தம்பி, எடுத்து நடத்துங்கள். ஆனால் உங்கள் முதலாளி நடத்திய மாதிரியே நடத்தாதீர்கள், மார்ச் மாதத்துப் பிளாஸ்டிக் பையிலேயே அது தெரிகிறது.

இந்த வேலையில் கணக்குப் போடுவது சின்னப் பகுதி. காகிதத்தை வாங்குவதுதான் பெரிய பகுதி, அதை வருடம் முழுக்கச் செய்ய வேண்டும். நம் ஆட்களின் வருடமும் ஐராஸ் வருடமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைப் பாருங்கள். தனிநபர் தாக்கல் மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் கடை, ஊழியர்களின் சம்பள விவரத்தை அந்த மார்ச் 1க்குள்ளேயே அனுப்பியாக வேண்டும். ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரிப் பதிவு உள்ள கடைக்குக் காலாண்டு மார்ச்சில் முடிந்தால் ஏப்ரல் 30க்குள் அதற்கான எஃப்5 படிவம் போக வேண்டும், நடுவில் சித்திரைப் புத்தாண்டு வேறு. செப்டம்பர் காலாண்டுக்குக் கெடு அக்டோபர் 31, நிறுவனங்களின் வருமான வரிக்கான சி-எஸ் படிவத்துக்கு நவம்பர் 30. அது தீபாவளிச் சமயம். கேம்பல் லேனில் கடை வைத்திருப்பவரிடம் அந்த நேரத்தில் போய் பில் கேட்டால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், அவர் மேல் தப்பும் இல்லை. அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே அந்த வேலையை முடித்து வைத்துவிட வேண்டும். நான் மாதம் ஒருமுறை கடைக்கே நடந்து போய் வாங்கி வருகிறேன். ஒரு டீ குடித்துவிட்டு, மேசை இழுப்பறையில் இருப்பதையெல்லாம் அள்ளி, அங்கேயே படம் எடுத்துவிடுவேன். வெப்பத் தாளில் அடித்த ரசீது சில மாதத்தில் வெளுத்துவிடும், ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

குறைத்துப் போடச் சொல்லும் விஷயத்துக்கு வருகிறேன். அப்படிக் கேட்கிற எல்லாரும் ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. பெரும்பாலோருக்கு லாபம் என்றால் என்னவென்றே தெளிவில்லை. "மாசம் மூவாயிரம் வெள்ளிதான் வீட்டுக்கு எடுத்துக்கிறேன், அதுதான் என் வருமானம்" என்பார் தனி உரிமையாளர். அவர் எடுப்பது சம்பளம் ஆகாது, செலவிலும் சேராது. கடையின் லாபம் முழுவதும் அவர் வருமானம். கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிசி, எண்ணெயையும் சந்தை விலையில் கணக்கில் காட்ட வேண்டும். சொந்தக் கார், அதாவது எஸ் எண் தட்டு உள்ளது, கடைச் சாமான் ஏற்றினாலும் அதன் செலவைக் கழிக்க முடியாது. வேன், லாரி என்றால் கழிக்கலாம். போக்குவரத்து அபராதம் கழியாது. இதையெல்லாம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னால் பாதிப் பேர் குறைக்கச் சொல்வதை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் நிஜமாகவே கழிக்கக்கூடிய சிலவற்றை அவர்கள் அதுவரை விட்டிருப்பார்கள். மிச்சப் பேரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கவனக்குறைவால் குறைத்துக் காட்டினாலே விடுபட்ட வரியின் இரு மடங்கு வரை தண்டம் வரும், தெரிந்தே ஏய்த்தால் நான்கு மடங்கு வரை, சிறையும் உண்டு. உடந்தையாக இருந்தவருக்கும் அதே சட்டம்தான்.

உங்களைப் போலப் புதிதாக வருகிறவர்கள் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது, அதுதான் உணவு விநியோகச் செயலிகள். சாப்பாட்டுக் கடைக்காரரின் வங்கிக் கணக்கில் விழுவது செயலி எடுத்துக்கொள்ளும் கழிவுத் தொகை போக மீதி. அதை விற்பனை என்று எழுதினால் தப்பு. வாடிக்கையாளர் கொடுத்த முழுத் தொகைதான் விற்பனை, கழிவு தனிச் செலவு. லாபம் ஒன்றுதானே, இதிலென்ன என்று தோன்றும். ஆனால் ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு 10 லட்சம் வெள்ளி, அதை லாபத்தை வைத்துப் பார்ப்பதில்லை, விற்பனையை வைத்துத்தான் பார்க்கிறார்கள். டிசம்பர் 31 அன்று அந்த வருட விற்பனை அதைத் தாண்டியிருந்தால் ஜனவரி 30க்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். விட்டுவிட்டால் வாடிக்கையாளரிடம் வாங்காத 9 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கடைக்காரர் தன் கையிலிருந்து கட்ட நேரும். நல்லபடியாக ஓடிய கடை ஒன்று இதிலேயே நொடித்துப் போனதை நான் பார்த்திருக்கிறேன், அவர் ஒரு காசும் மறைத்தவர் இல்லை.

சிங்பாஸ் சீட்டை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்து, மாற்றச் சொல்லுங்கள். நிறுவனம் என்றால், நிறுவனங்களுக்கான நுழைவு முறையான கார்ப்பாஸ் வழியாக உங்கள் அலுவலகத்துக்கு முறைப்படி அதிகாரம் தரட்டும். தனி ஆள் என்றால் அவரே தன் கைப்பேசியில் நுழையட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைக் காட்டுங்கள், கடைசிப் பொத்தானை அவர் அழுத்தட்டும். நேரம் கொஞ்சம் அதிகம் ஆகும்தான், ஆனால் தன் பெயரில் என்ன போகிறது என்று மனிதர் ஒருமுறையாவது பார்ப்பார்.

மளிகைக்கடை:

நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பேசுகிறேன். கணக்கர் அண்ணன் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்களுக்குப் பயம் வரியைவிடக் கடிதத்தின் மேல்தான். ஆணையத்திலிருந்து உறை வந்தால் பிரிக்காமலே சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். மதிப்பீட்டு அறிவிப்பு வந்து 30 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம், வட்டி இல்லாமல் 12 மாதத் தவணையில், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோவில் கட்டலாம் என்பதெல்லாம் எனக்குப் பல வருடம் தெரியாது. முன்பு வைத்திருந்த கணக்கர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், கட்டும் நாள் தவறி 5 விழுக்காடு தண்டத்தோடு இரண்டாம் கடிதம் வந்த பிறகுதான் விஷயமே புரிந்தது. இப்போது இருக்கும் அம்மா உறையைப் பிரிக்காமலே படம் எடுத்து அனுப்பச் சொல்வார், பிறகு நேரில் வந்து தமிழில் வாசித்துச் சொல்வார். அதற்காகவே நான் வேறு எங்கும் போகவில்லை. தம்பி, எங்கள் ஆட்கள் காசு கொடுப்பது அந்த வாசிப்புக்குத்தான். படிவத்தை என் மகனே நிரப்பிவிடுவான்.

கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ் பற்றியும் சொல்லிவிடுங்கள். கடைக்கு வரும் பணமும் சொந்தக்காரர் அனுப்பும் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் விழுந்தால் பிறகு பிரிக்கவே முடியாது. கடைக்குத் தனிக் கணக்கு திறக்கச் சொல்லி முதல் நாளே பிடிவாதம் பிடியுங்கள். நாங்கள் முனகுவோம், பிறகு செய்துவிடுவோம்.

ஈசூன் அக்கா:

நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். தொழில் ஓடுமா என்ற கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

டாக்சி, தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்களை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அவர்களின் வருமானத்தை நிறுவனங்களே அனுப்பிவிடுகின்றன, செலவாக 60 விழுக்காட்டை அப்படியே கழித்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. நியாயமாகச் சொன்னால் அவர்களுக்கு நாம் தேவையில்லை, தேவை என்று நம்ப வைத்துக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. 2 லட்சம் வெள்ளிக்குக் குறைவாக விற்கும் சின்னக் கடையும் படிவத்தில் வருவாய், செலவு போகச் சரிசெய்த லாபம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் பெட்டி பெட்டியாகக் காகிதம் இருக்கிறதே, அது தானாக நிரம்பாது. அங்கேதான் நம் வேலை இருக்கிறது. 5 லட்சத்தை எட்டினால் கணக்கு அறிக்கையையே சேர்த்து அனுப்ப வேண்டும், அப்போது இன்னும் நிறைய வேலை.

நம் ஆட்களுக்கு மட்டும் வரும் கேள்விகள் வேறு உண்டு. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேனே, பெற்றோர் வரிக் கழிவு கிடைக்காதா என்று வருடா வருடம் கேட்பார்கள். பெற்றோர் சிங்கப்பூரில் வசிக்க வேண்டும், கூடவே இருந்தால் 9,000 வெள்ளி, தனியே இருந்தால் 5,500. ஊரில் இருப்பவர்களுக்குக் கிடையாது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுத்ததும் கழியாது, இங்கே பொதுநல அமைப்பு என்று அங்கீகாரம் பெற்ற இடத்துக்குக் கொடுத்ததுதான் இரண்டரை மடங்காகக் கழியும். இதைச் சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உண்மையாகவே பெற்றோரைக் காப்பாற்றும் பிள்ளைகள், அவர்களிடம் கறாராகப் பேச மனம் வராது. அப்போது எழுந்து போய்விடாமல் வேறு என்ன கழிவு விட்டுப்போயிருக்கிறது என்று தேடிக் கொடுங்கள். மனைவி வேலைக்குப் போகாதவரா, தேசிய சேவைக் கழிவு சரியாக விழுந்திருக்கிறதா, 55 வயது தாண்டிவிட்டாரா என்று கேட்டால் ஏதாவது ஒன்று அகப்படும்.

சுயதொழில் செய்பவரின் நிகர லாபம் வருடத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் கட்ட வேண்டும், அதையும் தாக்கல் செய்யும் நாளன்றே சொல்லிவிடுங்கள். பிறகு மசேநிதியிலிருந்து (மத்திய சேம நிதி) கடிதம் வந்து, நீங்கள்தான் ஏதோ தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று வந்து நிற்பார்கள்.

கணக்கர் அண்ணன் கடைக்கே போய் வாங்குகிறேன் என்கிறார். நான் அப்படிச் செய்வதில்லை. மாதம் முடிந்து பத்து நாளுக்குள் அனுப்பாதவரிடம் அடுத்த மாதம் கட்டணம் கூட்டிக் கேட்பேன், மதிப்புக் கொடுக்காத வாடிக்கையாளரைப் போக விட்டுவிடுவேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஏப்ரலில் தூக்கமில்லாமல் கிடக்க என்னால் ஆகாது. ஆளுக்கு ஒரு வழி, உங்களுக்கு எது ஒத்துவரும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

புதுக்கணக்கு:

ரொம்ப நன்றி. அண்ணே, அக்கா, ஒரே ஒரு கேள்வி. முதலாளி பிப்ரவரியில் சாவியைக் கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார். நிறுவனங்களுக்கு நிறுவனச் செயலாளர் வேலையும் அவரே பார்த்து வந்தார், அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாமா?

சிராங்கூன் கணக்கர்:

பிப்ரவரியில் வேண்டவே வேண்டாம். மார்ச் 1 சம்பள விவரத்தில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை மூச்சுவிட முடியாது, பழைய கோப்பில் ஒரு சந்தேகம் என்றால்கூடக் கேட்க ஆள் இருக்காது. அந்தப் பருவம் முழுக்க அவர் நாற்காலியில் இருக்கட்டும், நீங்கள் எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பேசுங்கள். ஜூலை 31 எஃப்5 முடிந்ததும் ஆகஸ்டில் கை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், அடையாள அட்டை நகலெல்லாம் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கும், கேட்காமல் உங்கள் பெயருக்கு மாற்ற முடியாது. கார்ப்பாஸ் அதிகாரமும் புதிதாக உங்கள் பெயரில் தரப்பட வேண்டும்.

செயலாளர் வேலையை இப்போது எடுக்காதீர்கள். வரிப் படிவம் நிரப்பித் தரத் தனி உரிமம் கேட்பதில்லை, ஆனால் மற்றவர்களுக்காக நிறுவனம் பதிவது, ஆண்டறிக்கை தாக்கல் செய்வது போன்ற சேவையைத் தொழிலாகச் செய்ய 2025 ஜூன் 9 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, நிறுவனங்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிவு வேண்டும், வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று சரிபார்க்கும் கடமையும் சேர்ந்து வரும். பதிவு செய்த ஒருவரிடம் அந்தப் பகுதியைக் கொடுத்துவிட்டு, கணக்கையும் வரியையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதலாளியிடம் கடந்த ஐந்து வருடக் கோப்புகளைக் கேளுங்கள், சாமான் இருப்புப் பட்டியலோடு சேர்த்து. போன வருட முடிவு இருப்பு இல்லாமல் இந்த வருட லாபத்தைப் போட முடியாது, அது எந்தக் கோப்பில் இல்லை என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.