ராம் சார் யார்?

ஓய்வு பெற்ற வனவர், வேதாரண்யம் பக்கம்

கோடியக்கரை ராம்சர் பட்டியலில் சேர்ந்தது 2002 ஆகஸ்டில். தமிழ்நாட்டில் முதலாவது அதுதான். செய்தி வந்த வாரம் டீக்கடையில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்: “அந்த ராம் சார் எப்போது வருகிறார்? வரும்போது சாலையைப் போடுவார்களா?” அவரைக் குறை சொல்ல முடியாது. பெரிய சார் யாராவது வந்தால்தான் எங்கள் பக்கத்தில் குழி மூடப்படும்.

அது ஆள் இல்லை, ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் இருக்கும் ஓர் ஊர், 1971 பிப்ரவரி 2ஆம் தேதி அங்கே ஈரநிலங்களைக் காப்பதற்கு நாடுகள் ஒப்பந்தம் செய்துகொண்டன, 1982இல் நாமும் சேர்ந்தோம் என்று சொன்னேன். அவர் விடவில்லை. “ஈரானில் கையெழுத்துப் போட்டால் இங்கே உப்பளத்தில் என்ன மாறும்?”

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை. என் மட்டத்தில் மாறியது நோட்டுப் புத்தகம்தான். காடு, முத்துப்பேட்டை அலையாத்தி, உப்பளம் எல்லாம் சேர்த்து 38,500 ஹெக்டேர். அதைப் பற்றிய தகவல் படிவத்தை 6 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் இருக்கும் செயலகத்துக்கு அதை அனுப்புவது டெல்லி. அதில் எழுதும் எண்ணை எண்ணுவது நாங்கள். ஓர் ஈரநிலத்தில் தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகள் கூடினால் அது சர்வதேச முக்கியத்துவம் பெறத் தகுதி உடையது என்பது ஒப்பந்தத்தின் அளவுகோல்களில் ஒன்று. இருபதாயிரம் என்று எழுதுவது எளிது. முழங்கால் சேற்றில் நின்று, உள்ளான் கூட்டம் எழுந்து திரும்புவதற்குள் எண்ணிப் பாருங்கள்.

என்னோடு இருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் நூறு பறவைக்கு ஒரு சிப்பி என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டே போவார். ஒரு நாள் பையில் ஓட்டை. கரைக்கு வந்துதான் பார்த்தார். உத்தேசமாக எழுதிக்கொள்ளலாம் என்றேன். “பொய்க் கணக்கு வேண்டாம் சார்” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சேற்றில் இறங்கினார். நானும் இறங்க வேண்டியதாயிற்று.

உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா? பெரிய ஒப்பந்தம் ஒன்று காக்கிச் சட்டை போட்டு உங்கள் வாசலுக்கு வந்த கதை இருந்தால் எழுதுங்கள்.

ஏரிப் பாசன விவசாயி (ஏரியின் பெயர் வேண்டாம்)

ஐயா, 2022க்கு முன்பு கோடியக்கரை ஒன்றுதான். 2025இல் தமிழ்நாட்டில் 20 ஆகிவிட்டது, நாட்டிலேயே அதிகம். அந்த இருபதில் எங்கள் ஏரியும் ஒன்று.

அறிவிப்பு வந்த மாதம் ஊரில் வதந்தி பரவியது. கரையிலிருந்து இத்தனை மீட்டர் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள், மாடு இறக்கக் கூடாது, மோட்டார் ஓடக் கூடாது என்றெல்லாம் பேச்சு. இரண்டு பேர் அவசரமாக நிலத்தை விற்க முயன்றதும் உண்மை. பிறகு வனச்சரகர் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார். ராம்சர் என்பது வேலி போடுவது இல்லை, ஏரியை அதன் தன்மை கெடாமல் பயன்படுத்துவதைத்தான் அந்த ஒப்பந்தமே கேட்கிறது, பாசனம் நின்றால் ஏரியும் நிற்காது என்று நிதானமாகச் சொன்னார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் கூட்டத்தில் யாரும் கேட்காத ஒன்று இருக்கிறது. ஏரித் தண்ணீர் நீர்வளத் துறையுடையது. மீன் குத்தகை வேறு கையில். பறவை மட்டும் வனத்துறை. மதகைத் திறப்பவருக்குப் பறவையைப் பற்றிக் கவலை இல்லை. பறவையைப் பார்ப்பவரிடம் மதகுச் சாவி இல்லை. மார்கழியில் தாழைக்கோழி இறங்கி நடவு வயலை மிதித்துவிட்டது. ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அது எங்கள் வேலை இல்லை, அடுத்த கட்டிடம் என்றார்கள். அடுத்த கட்டிடத்தில் முதல் கட்டிடத்தைக் காட்டினார்கள். பறவை மேல் எனக்குக் கோபம் இல்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மீனவர் வீட்டுப் பெண், பாக் நீரிணைக் கரை

எங்கள் பக்கம் அதற்கு ஆவுளியா என்று பெயர். கடல்பசு என்பது நான் பள்ளியில் படித்த சொல். தாத்தா காலத்தில் கரையிலேயே வெட்டிப் பங்கு போட்டிருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. அப்பா காலத்தில் அது குற்றமாகிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் வலையில் சிக்கிச் செத்துப்போனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். காக்கிச் சட்டையைக் கண்டால் படகுக்குப் பின்னால் ஒதுங்குவதுதான் வழக்கம்.

நான்கு வருடம் முன்பு அண்ணன் விடியற்காலையில் வலை எடுக்கப் போனபோது ஒரு மூச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது, மனிதன் மூச்சு விடுவதுபோலவே. ஆவுளியா மீன் இல்லை, மேலே வந்து காற்றை இழுத்தாக வேண்டும். வலை காலைச் சுற்றிய மனிதனைப் போலத் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். அண்ணன் வலையை அறுத்தார். புதிய வலை. கூட இருந்த பையன் கைப்பேசியில் படம் எடுத்தான். வனத்துறைக் கூட்டத்தில் “விடுவிப்பதைப் படம் எடுத்துக் காட்டுங்கள், வலைக்கு உதவித் தொகை உண்டு” என்று சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் வனக்காப்பாளர் வீட்டுக்கே வந்தார். அம்மா பயந்துபோய் அடுப்படிக்குள் நின்றுகொண்டார். அவர் திண்ணையில் உட்கார்ந்து, எந்த இடம், எத்தனை பாகம் ஆழம், குட்டி கூட இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். போகும்போது, “அம்மா, உங்கள் மகன் நல்ல காரியம் செய்திருக்கிறார்” என்றார். பணம் பிறகு வந்தது. அம்மா இன்றும் பேசுவது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

இடம்பெயரும் உயிரினங்களுக்கான பான் ஒப்பந்தத்தின் கீழ், கடல்பசுவுக்கென்றே இருக்கும் உடன்படிக்கையில் இந்தியா 2008இல் கையெழுத்திட்டது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைப் பாதுகாப்பகமாக மாநில அரசு அறிவித்தது 2022 செப்டம்பரில். இடையில் 14 வருடம். அதற்குள் எத்தனை செத்தன என்று கடலுக்குத்தான் தெரியும். ஒரு பசு பல வருடத்துக்கு ஒரு முறைதான், அதுவும் ஒரே குட்டிதான் ஈனும். ஒன்று போனாலும் பெரிய நட்டம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குள் கால் வைக்க விடாமல் செய்தீர்களே, இங்கேயும் அதுதானா?” என்று கேட்டார். அது தேசியப் பூங்கா, இது காப்பகம், இரண்டுக்கும் சட்டம் வேறு, இதை மக்களைக் கேட்டுத்தான் அறிவிக்க முடியும், உங்கள் தொழில் தொடரும் என்று பதில் வந்தது. பெரியவர் உடனே அடுத்ததைக் கேட்டார்: “நாட்டுப்படகு கடற்புல்லைத் தொடுவதில்லை. விசைப்படகின் இழுவை மடி அதை வேரோடு வாரிக்கொண்டு போகிறது. ஆவுளியா புல்லைத்தானே தின்னும்?” மேடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விசைப்படகு மீன்வளத் துறையின் பாடு. மேலே ஏரிக்காரர் சொன்ன அதே கட்டிடக் கதைதான்.

கிளி வளர்ப்பவர், கோயம்புத்தூர்

என்னுடையது சிரிப்புக் கதை, கடைசியில் அவ்வளவு சிரிப்பு இல்லை.

என்னிடம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று இருக்கிறது. வாங்கியபோது ரசீது கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் அது 2017 முதல் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது 1976இல். ஆனால் வீட்டில் வளர்க்கும் வெளிநாட்டு உயிர்களைப் பற்றி நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி அத்தியாயம் வந்தது 2022 திருத்தத்தில்தான். 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன, பதிவு செய்ய 6 மாத அவகாசம் தந்தார்கள். இணையத்தில் விண்ணப்பம், அதைப் பார்ப்பவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். குஞ்சு பொரித்தாலும் சொல்ல வேண்டும், கிளி செத்தாலும் சொல்ல வேண்டும்.

சரிபார்க்க ஒரு வனவர் வந்தார். கால் வளையத்தில் உள்ள எண்ணைப் படிக்க அவர் குனிந்தபோது என் கிளி “யார் அது?” என்று கேட்டது. அவர் தன் பெயரையும் பதவியையும் பணிவாகச் சொன்னார். பாதி எழுதி முடித்தபோது பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு கிளிச் சத்தம். அவர் பேனாவை மூடினார். பக்கத்து வீட்டுச் சிறுவனின் பச்சைக்கிளி. நம் ஊர்க் கிளி.

அதற்குப் பதிவும் இல்லை, படிவமும் இல்லை. வளர்க்கவே கூடாது. ஒரு வாரம் கழித்து அது மீட்பு மையத்துக்குப் போயிற்று. “மாமா, ஆப்பிரிக்காக் கிளியை வைத்துக்கொள்ளலாம், நம் கிளியை வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று அந்தப் பையன் கேட்டான். ஒவ்வொரு பச்சைக்கிளியும் ஏதோ ஒரு மரப்பொந்திலிருந்து திருடி வந்தது என்று வனவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அப்போது என் தோளில் உட்கார்ந்திருந்தது யாருடைய மரப்பொந்து என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் ரசீதும் இல்லை.

ஆமை நடைத் தன்னார்வலர், சென்னை

சுருக்கமாக. பங்குனி ஆமை முட்டைகளைக் கரையில் தேடி எடுத்து, வனத்துறைப் பொரிப்பகத்தில் புதைத்து, 45 முதல் 55 நாள் காத்திருந்து, குஞ்சைக் கடலில் விடுகிறோம். கடலாமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 2007இல் சேர்ந்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை முட்டையிட வந்த பெரிய ஆமைகள். கரையில் நாங்கள் குழி தோண்டி முட்டையைக் காக்கிறோம், அவை மூச்சு முட்டுவது கடலுக்குள் வலையில். அந்த மாதம் நான் புதைத்தது முட்டையை அல்ல. இதற்கு மேல் எழுத வரவில்லை.

ஓய்வு பெற்ற வனவர், வேதாரண்யம் பக்கம்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். அம்மாவின் திண்ணைக்கு வந்த அந்த வனக்காப்பாளரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கைகொடுத்திருப்பேன். என் பணிக்காலத்தில் அப்படி ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு எத்தனை முறை தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், விரல் மடக்கும் அளவுக்குக்கூட வரவில்லை.

ஏரிக்காரத் தம்பிக்கு: கட்டிடம் கட்டிடமாக அலைய வேண்டாம். 2017 ஈரநில விதிகளின்படி மாநிலத்துக்கு ஓர் ஈரநில ஆணையம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை. நீர், மீன், பறவை மூன்றையும் ஒரே மேசைக்குக் கூப்பிட மாவட்டத்தில் ஆட்சியரால்தான் முடியும். ராம்சர் இடம் என்பதை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மதகு எந்த மாதம் திறக்கிறது, பறவை எந்த வயலில் எப்போது இறங்குகிறது என்று தேதி போட்டு எழுதுங்கள், வெறும் குறையாக எழுதாதீர்கள். நகலில் முத்திரை வாங்க மறக்க வேண்டாம்.

ஏரிப் பாசன விவசாயி

நன்றி ஐயா. திங்கட்கிழமை குறைதீர் நாள். போகிறேன். தேதி மட்டும் என் மனைவியிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும், வயலில் பறவை விரட்டியது அவள்.