சென்னை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சுற்றி 1 கி.மீ. கட்டுமானத் தடை: நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மேடவாக்கம்காரன்:
அப்பா வாங்கிப்போட்ட மனை ஒன்று இருக்கிறது, பட்டாவும் மனைப்பிரிவு அனுமதியும் சரியாக உள்ளன. வீடு கட்டலாம் என்று பிளான் போட்டு வங்கிக் கடனுக்கு எழுதிக்கொடுத்த நேரத்தில், 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும் வரை சதுப்புநிலத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி தரக் கூடாது என்று சொல்லிவிட்டது. சதுப்புநிலத்தைக் காப்பாற்றவே வேண்டாம் என்று சொல்லும் ஆள் இல்லை நான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் எவ்வளவு காலம் காத்திருப்பது? இந்தச் சட்டங்களை நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

வேளச்சேரி அம்மா:
தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனாலும் நான் தடையின் பக்கம்தான். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டில் கரண்ட் மீட்டர் பெட்டி வரை தண்ணீர், மாமியாரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சுற்றியுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் முதலில் வந்து நிற்கிற இடமே அந்தச் சதுப்புநிலம்தான், அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய் கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். நிற்க இடம் இல்லை என்றால் அது நம் வீட்டுக்குள்தானே வரும்?

பெருங்குடி வாசி:
அக்கா சொல்வது உண்மை. ஆனால் சதுப்புநிலத்தைச் சுருக்கியது யார்? பல வருஷம் ஊர்க் குப்பையை அங்கே கொட்டியது மாநகராட்சி. குறுக்கே ரேடியல் சாலை போட்டதும், ஓரத்தில் அரசு நிறுவனங்கள் கட்டியதும் மனை வைத்திருக்கிறவர்களா? மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளில் குப்பை கொட்டக் கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது என்றெல்லாம் தெளிவாக இருக்கிறது. அதை முதலில் அரசுத் துறைகள் மீது காட்டட்டும், அப்புறம் எங்களிடம் வரட்டும். சட்டத்தின் மேல் ஜனங்களுக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நீர்க்கோழி:
ரேடியல் சாலை ஓரம் நின்று பூநாரை பார்க்கப் போகிறவன் நான், எனக்கு அந்த இடம் உயிர். இருந்தாலும் காம்பஸ் வைத்து வட்டம் போட்ட மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே தூரம் என்பதை நிரந்தரமாக்கக் கூடாது, தண்ணீர் வட்டமாக ஓடுவதில்லை. வரத்துக்கால்வாய் இருக்கிற பக்கம் 1 கிலோமீட்டர் போதாமல்கூடப் போகலாம், மேடான பக்கம் அவ்வளவு தேவைப்படாது. 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தபோது சுமார் 1,248 ஹெக்டேர் என்றார்கள், அதில் காப்புக்காடு போக மீதி எந்தெந்த சர்வே எண்ணில் வருகிறது என்று ஊர் ஊராக ஒட்டினாலே பாதிச் சண்டை ஓயும். தடை மட்டும் போட்டுவிட்டு அடைபட்ட சிறுபாலங்களைத் திறக்காமல் விட்டால் சதுப்புநிலம் மீளாது.

மேடவாக்கம்காரன், உங்கள் சர்வே எண் எல்லைக்குள் வருகிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மாநில ஈரநில ஆணையத்துக்கு ஒரு மனு போடுங்கள், அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு வங்கியிடம் பேசலாம்.

மேடவாக்கம்காரன்:
சரிங்க, இந்த வாரமே போடுகிறேன். மனு எழுதிய அனுபவம் இருந்தால் மாதிரி ஒன்று இங்கே போடுங்கள், எங்கள் தெருவில் இன்னும் சிலருக்கும் தேவைப்படும்.