ஜூன் 3 கூட்டம்: கலைஞரைப் பற்றித் திருகோணமலையில் பேசலாமா?

உவர்மலை ஆசிரியை:
கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாளான ஜூன் 3 அன்று அவருடைய எழுத்தைப் பற்றி ஒரு மாலைக் கூட்டம் வைக்க எங்கள் வாசகர் வட்டம் நினைக்கிறது. அறிவித்த அன்றே இரண்டு பேர் "2009 போரில் எங்களைக் கைவிட்டவருக்கா, எந்த முகத்தோடு?" என்று கேட்டுவிட்டார்கள். சரி, இங்கேயே பேசுவோம்.

1952இல் வந்த பராசக்தியின் நீதிமன்ற வசனத்தைப் பள்ளிக்கூட மேடையில் பேசிப் பரிசு வாங்கியவர் எங்கள் அப்பா. எழுபது வயதிலும் முற்றத்தில் நின்று, சால்வையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று எனக்குக் காட்டுவார். இன்று வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதும் அந்த மூச்சில்தான். அந்த எழுத்துக்கு ஒரு மாலை கொடுப்பதில் என்ன பிழை?

சம்பூரான்:
ரீச்சர், உங்கள் அப்பாமேல் மரியாதை உண்டு. ஆனால் எனக்கு அவருடைய தமிழ் வேறு விதமாகத்தான் கேட்கிறது.

2006இல் ஊரை விட்டு வெளிக்கிட்ட நாங்கள் 2009 ஏப்ரல் 27 அன்று கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் இருந்தோம். பேட்டரி கழன்றுவிடாமல் ரப்பர் பட்டி போட்ட ஒரு வானொலி. போரை நிறுத்தச் சொல்லி, சென்னையில் அண்ணா நினைவிடத்தில் முதலமைச்சர் கருணாநிதி உண்ணாவிரதம் என்று காலையில் செய்தி வந்ததும் அம்மா அரிசியைக் களையாமல் அப்படியே வைத்துவிட்டார். "அவர் சாப்பிடுமட்டும் எனக்கும் வேண்டாம்." ஆனால் மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போர் நின்றுவிட்டதாம். உண்மையில் வந்தது, கனரக ஆயுதம் பாவிக்க மாட்டோம் என்ற கொழும்பின் அறிவிப்பு மட்டும். செல்லடி நிற்கவில்லை. அதைக் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "மழை விட்டும் தூவானம் விடவில்லை." மாமா குடும்பம் அப்போது போர் நடந்த வன்னியில். வசனம் எழுதத் தெரிந்தவர்தான் ரீச்சர், அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

துறைமுக வீதி:
தம்பி, உன் அம்மா பட்டினி கிடந்ததற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஏப்ரலை மட்டும் வைத்து அந்த மனுசனை அளக்காதே. 1983 கலவரத்துக்குப் பிறகு சட்டமன்றப் பதவியைத் துறந்தவர் அவர். 1990 மார்ச் 24 ஞாபகம் இருக்கிறதா? நீ அப்போது குழந்தை. இலங்கைக்கு வந்திருந்த இந்திய அமைதிப்படையின் கடைசி ஆட்கள் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கப்பல் ஏறினார்கள். திரும்பி வந்த படையை வரவேற்கச் சென்னைத் துறைமுகத்துக்குப் போக மாட்டேன் என்றார் முதலமைச்சர் கருணாநிதி. தமிழரைக் கொன்ற படைக்கு மாலை போட முடியாது என்பதுதான் காரணம். அதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. அடுத்த ஜனவரியில், புலிகளுக்கு இடம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டோடு அவருடைய ஆட்சியைக் கலைத்தார்கள். ஆளுநர் அறிக்கை கொடுக்க மறுத்தும் கலைத்தார்கள். எங்களுக்காக நாற்காலியை இழந்தவர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

சம்பூரான்:
1990இல் இழக்கத் துணிந்தவர் 2008இல் ஏன் துணியவில்லை அண்ணை? அதுதான் என் கேள்வியே. ஒக்டோபரில், போரை நிறுத்தக் கேட்டு, அவருடைய கட்சி எம்.பி.க்கள் ராஜினாமாக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தார்கள். டில்லியிலிருந்து வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி வந்து பேசினார், கடிதங்கள் அவரிடமே கிடந்தன. மத்திய அரசில் பங்கு இருந்த காலம் அது. 1990இல் மக்களவையில் அவருடைய கட்சிக்கு ஓர் இடம்கூட இல்லை.

நெல்சன் தியேட்டரடி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். கூட்டம் எழுத்தைப் பற்றியது என்றால் எழுத்தையும் விமர்சிக்க வேண்டும். எதுகை மோனைக்காக அவர் நீட்டிய வரிகள் பல இன்று படிக்க முடியாதவை. ஆனால் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கொடுத்த 1989 சட்டம் அவருடையது. என்னைப் பொறுத்தவரை அவர் எழுதியதில் சிறந்தது அதுதான்.

உவர்மலை ஆசிரியை:
சம்பூரான், அப்பாவிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பிள்ளையைக் கூப்பிடு" என்றார்.

சம்பூரான்:
1990ஐ நான் யோசித்ததில்லை அண்ணை. அதற்கு நன்றி சொல்வேன். ஏப்ரலுக்குச் சொல்ல மாட்டேன். வருகிறேன் ரீச்சர். அப்பா வசனம் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன்.