பழைய துவக்கைச் செய்தவர் யார்? குழலைக் கழற்றிப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து:

பழைய துவக்கு கையில் கிடைத்தால் எல்லோரும் குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையில் உள்ள பெயரைத்தான் முதலில் வாசிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வாசிக்க வேண்டும்.

மாமாவிடம் இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருக்கிறது. அவருடைய தகப்பனார் தேயிலைத் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில் வாங்கியது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டு தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கிறார். பட்டையில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று இருப்பதால், 1812இல் பர்மிங்காமில் தொடங்கிய வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் துவக்கு என்றே குடும்பத்தில் நம்பியிருந்தார்கள்.

தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, முன்கட்டையை எடுத்து, குழல்களைப் பிரித்தோம். அடிப்பக்கத் தட்டையில் எண்ணெய் விட்டுப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தேன். டோர்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்ததும் ஒரு முட்டை வடிவம் தெரிந்தது, உள்ளே ‘ஈ.எல்.ஜி.’ என்ற எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். குழல் வெடியைத் தாங்குமா என்று சோதித்துப் பார்க்கும் பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை அது. 1893 முதல் அதன் மேல் ஒரு கிரீடமும் சேர்ந்தது. இதில் கிரீடம் இல்லை. ஆகவே அதற்கு முந்தியது. குழலின் உள்விட்டமும் மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருந்தது.

“அப்படியென்றால் பெயர் பொய்யா, மருமகன்?” என்று மாமா கேட்டார். ஆங்கிலப் பெயர்களைப் போன்ற பெயர்களைப் பொறித்து லியேஜ் பட்டறைகள் ஏராளமாக ஏற்றுமதி செய்தன என்று விளக்கினேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் குழலைத் தட்டிப் பார்த்தால் வேலைப்பாடு அருமையானது. அதைச் செய்த கைகளுக்குரிய மரியாதையை யாரும் குறைக்க முடியாது.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஐயா சொல்வது முற்றிலும் சரி. என் நண்பர் வீட்டுத் துவக்கில் கிரீடத்தோடு குறுக்கே வைத்த இரண்டு செங்கோல்கள் இருந்தன. 1904 வரை பர்மிங்காம் சோதனைச்சாலை இட்ட முத்திரை அது. பக்கத்திலேயே ‘நொட் ஃபோர் போல்’ என்ற சொற்கள். வாய்ப்பக்கம் ஒடுங்கிய குழலில் ஒற்றைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை. 1875 முதல் 1887 வரைதான் அப்படிப் பொறித்தார்கள். துவக்கின் வயது பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது!

செய்தவர் பெயர்தான் இன்னும் கிடைக்கவில்லை. பட்டையில் இருப்பது விற்ற கடையின் பெயர். பர்மிங்காம் பட்டறைகள் பல கடைகளுக்கு அவரவர் பெயரிலேயே செய்து கொடுத்தன. குழலைத் துவக்கின் உடலோடு கொளுவும் முண்டுக்கு அருகே ‘ஜே.பி.’ என்ற சிறு எழுத்துகள் உள்ளன. குழல் செய்தவருடையதாக இருக்கலாம்.

தயவுசெய்து யாரும் அரத்தாளால் தேய்க்காதீர்கள். முத்திரை அழிந்தால் அடையாளமே போய்விடும். முறுக்கிய இரும்பில் செய்த டமாஸ்கஸ் குழலில் இக்காலத் தோட்டாவைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம், அந்தக் குழல் பழைய காலத்துக் கரிமருந்துக்காகச் சோதிக்கப்பட்டது.

‘ஜே.பி.’யை வேறு துவக்கில் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.