கலயம் இறக்கிய பிறகு: கள்ளில் கண்டதைச் சொல்லுங்கள்

பாளைசீவி:
உப்பிய பாட்டில்தான் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. காலையில் இறக்கிய தென்னங்கள்ளைக் கழுத்து வரைக்கும் ஊற்றி மூடியை இறுக்கியாச்சு. 11 மணிக்குள் அடி புடைத்து நிற்கவே மாட்டாமல் உருண்டது. திறந்ததும் முக்கால்வாசி நுரையாகக் கொட்டிப்போச்சு. கால் பங்கு காலியா விடணும், மூடியைத் தளர்த்தியே வைக்கணும்.

கருக்குமட்டை:
அவ்வளவு வேகத்துக்குக் காரணம் கலயம். பழைய மண்கலயத்தின் துளைகளில் நேற்றைய ஈஸ்ட் ஒட்டியிருக்கும். சாறு சீவிய பாளையிலிருந்து, அதாவது மரத்தின் பூங்கொத்திலிருந்து, சொட்டும்போதே வேலையை ஆரம்பித்துவிடும். உள்ளே சுண்ணாம்பு தடவினால் அதே சாறு பதநீர். சுண்ணாம்பு கூடினால் நாக்கு பொத்துப்போகும், குறைந்தால் வெயில் ஏறும்போது கள்ளாகிவிடும். ஓலைப்பட்டையில் ஊற்றிய பதநீரின் விளிம்பில் பொடிக் குமிழி ஓடுதா, அதில் பாதி கள். எப்படியும் நல்லா புளிச்சாத்தான் போதை ஏறும், இனிப்புக் கள் பச்சைப்பிள்ளைக்கு.

பிளா:
கருக்குமட்டை, கடைசி வரி பிழை. சாற்றில் 10 முதல் 15 சதவீதம் வரை சர்க்கரை. ஈஸ்ட் அதைத் தின்று, இறக்கிய அன்றைக்கே 4, 5 சதவீத ஆல்கஹால் ஆக்கிவிடும். பிறகு பாக்டீரியா அந்த ஆல்கஹாலையே வினாகிரியாக்கும், அதாவது வினிகர். மறுநாள் கள்ளில் முகத்தைச் சுளிக்க வைப்பது அந்த வினாகிரிதான். ஏறுகிற நேரம் இனிப்பும் புளிப்பும் சரிபாதியாக நிற்கிற பொழுது. யாழ்ப்பாணத்துத் தவறணையில், அதாவது கள்ளுக்கடையில், கூட்டம் சேர்வதற்கும் இதுதான் காரணம். கள் காத்திருக்காது, ஆட்கள்தான் வரவேணும். ஓலையை மடித்துச் செய்த குடிகலமான பிளாவைக் கீழே வைத்தால் சரிந்துவிடும். குடித்து முடிக்கும்வரை கையிலேயே இருக்கும், வாயோ கதைத்துக்கொண்டே இருக்கும்.

ஓலைநறுக்கு:
கள் காத்திருக்காதுதான். ஆனால் மலைநாட்டார் தேனில் எடுத்த தேறலை, அதாவது தெளிந்த மதுவை, மூங்கில் குழாயில் விளைய வைத்ததைச் சங்கப் பாட்டு சொல்கிறது. எனக்குப் பிடித்த இடம் புறநானூறு 235. அதியமான் இறந்த பின் ஔவை பாடியது. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறாள். பந்தியில் அளவு பார்த்து ஊற்றுகிறவர்கள் படிக்கணும். தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை, பாளை அரிவாளுக்குப் பதநீர்தான் மிச்சம்.

பாளைசீவி:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். பாளையைச் சீவுறது வெற்றிலை மாதிரி மெல்லிசா இருக்கணும், காலையும் மாலையும். தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும், ஒரு வேளை தவறினால் வாய் அடைத்துக்கொள்ளும். குடிக்கிறவருக்கு: விடிகாலையில் இறக்கியது மாலை வரைக்கும் மாறாமல் தித்தித்தால் சாக்கரின்ங்கிற செயற்கை இனிப்பு இருக்கலாம். ரெண்டே வாயில் கண் சொருகினால் அது கள்ளின் வேலை இல்லை, தூக்க மாத்திரை. கீழே கொட்டிடுங்க.

கருக்குமட்டை:
சரி பிளா, புளிப்பு விஷயத்தில் ஒத்துக்கறேன். சுண்ணாம்பில் ஒத்துக்க மாட்டேன்.

பிளா:
சுண்ணாம்பைப் பற்றி நான் வாயே திறக்கேல்லையே!